புது டயருக்கு முதல் நாளே சான்றிதழா?

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவர் ஒருவர்)

டயர் என்றதும் நம்மில் பலருக்குப் பஞ்சர் கடை ஞாபகம் வரும். இல்லாவிட்டால் கிரிக்கெட் மட்டை ஞாபகம் வரும்! ஆனால் வடசென்னைக்காரனுக்கு டயர் என்பது பக்கத்து ஊர்ச் சரக்கு. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் பழைய டயருக்கு மேலே ஒட்டும் ட்ரெட் ரப்பர் வந்தது. 1961-இல் முழு டயரே வெளிவந்தது. அதுதான் எம்.ஆர்.எஃப். ரப்பர் வேகும் வாசனையை அறிந்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். டயரைப் பற்றி ஊரார் பேசுவதை விட நாம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்து பேச வேண்டாமா?

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் 'பெர்ஃபார்மன்ஸ் டயர்' என்கிறார்கள். வெளிநாட்டில் இதையே 'சம்மர் டயர்' என்கிறார்கள். அங்கே குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இந்த ரப்பர் இறுகிப்போய்ப் பிடிப்பை இழக்கும். அதனால் குளிர்காலத்துக்கு என்று வேறு செட் வாங்கி மாட்டுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. சென்னையில் மூன்றே பருவம்தான்: வெயில், அதிக வெயில், மழை! 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. காற்றே அப்படி என்றால் தார் ரோடு எப்படிக் கொதித்திருக்கும்! ஆக, நாம் வருஷம் முழுக்க ஓட்டுவது சம்மர் டயர்தான். பெயர்தான் நமக்குப் புதுசு.

என் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். போன மாதம் அப்படிப்பட்ட டயர் இரண்டு வாங்கினார். வியாசர்பாடியிலிருந்து எருக்கஞ்சேரி, மூலக்கடை, மாதவரம் என்று ஒரு சுற்று போய் வந்தோம். சத்தம் குறைந்திருந்தது. வளைவில் கார் அலையவில்லை. பிரேக் போட்ட இடத்தில் நின்றது. "இன்னாடா, வெண்ணெ மாதிரி போவுது பாத்தியா! காசுக்கு ஏத்த சரக்கு" என்றார். "சித்தப்பா, தேஞ்ச டயரைக் கழட்டிப்போட்டு எந்தப் புது டயரை மாட்டினாலும் இப்படித்தான் இருக்கும். அதுவும் இல்லாம, புதுசை ஏன் முன்னாடி போட்டீங்க?" என்றேன். "ஸ்டியரிங் முன்னாடிதானேடா இருக்குது!" என்றார்.

பெரும்பாலான கடைகளிலும் இதுதான் பேச்சு. என் கருத்து இதற்கு நேர் எதிர். இரண்டே டயர் வாங்கினால் புதுசைப் பின்னால்தான் போட வேண்டும். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும். ஆக்சிலேட்டரை விட்டால் வேகம் குறைந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றும். அதைத் திருப்பிப் பிடிக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? உலகமெங்கும் பெரிய டயர் கம்பெனிகள் சொல்வதும் இதையேதான்.

இன்னொன்று. புது டயரின் மேல் அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய வழவழப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது தேய்ந்து போக முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். அந்தத் தூரத்துக்குள் டயருக்குச் சான்றிதழ் எழுதுவது, முதல் நாள் வகுப்பிலேயே பையனுக்கு டிப்ளமோ கொடுப்பது மாதிரி!

பிறகு எதை வைத்து எடை போடுவது? டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். 185/65 ஆர் 15 88 எச் என்று இருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த நான்கு இலக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

ஸ்டைலுக்காக 205/50 ஆர் 17 போட்டால் பக்கச் சுவர் சுமார் 102 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். பந்தயப் பாதையில் அது அழகு. கண்டெய்னர் லாரிகள் உழுது போட்ட எண்ணூர் ரோட்டுப் பள்ளத்தில் அது இறங்கினால்? உள்ளே நூல் அறுந்து பக்கத்தில் வீக்கம் கிளம்பும். அந்த டயர் என்றைக்கு வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நம் ரோட்டுக்கு 'பெர்ஃபார்மன்ஸ்' என்றால் வேகம் அல்ல நண்பர்களே, நிற்பதும் தாங்குவதும்தான்.

காற்று விஷயத்திலும் ஒரு தப்பான நம்பிக்கை ஊன்றிக் கிடக்கிறது. "வெயில் காலம், காத்தைக் கம்மியா வை" என்கிறார்கள். காற்று குறைந்தால் பக்கச் சுவர் அதிகமாக மடங்கும். மடங்க மடங்கச் சூடு ஏறும். அந்தச் சூட்டில்தான் டயர் வெடிக்கிறது. வண்டி ஓடாமல் ஆறி இருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவைப் பிடிப்பதே சரி.

ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கைகள் மேல் ஒரு குடும்பமே போகிறது. புதுக் கார் டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் சட்டப்படி அது செத்த டயர். பள்ளத்துக்குள் தெரியும் சின்ன மேடுகளே அதற்கான அடையாளம். அந்த நிலையில் மழைத்தண்ணீரை வெளியே தள்ள வழியில்லை. வேகமாகப் போனால் கார் தண்ணீர் மேல் மிதக்கும்.

விலை உயர்ந்த டயரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. மொட்டையான டயரில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகும் ஷேர் ஆட்டோவைப் பற்றிப் பேச யார் உண்டு? அதில் போவது நம் அம்மா, நம் தங்கச்சி. நம் பட்டறையில் பள்ளம் அளக்கும் கேஜ் இருக்கிறது. காற்று கேஜும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எம்.கே.பி. நகரிலும் சத்தியமூர்த்தி நகரிலும் மாணவர் பேரவை ஓர் இலவச டயர் சோதனை முகாம் நடத்தலாமே! மலரில் எழுதுவது சுலபம். குனிந்து சக்கரத்தைப் பார்ப்பதுதான் படிப்பு. கேஜை நான் எடுத்து வருகிறேன். தோழர்களே, நீங்கள் வருகிறீர்களா?