பாட்டுக்குப் புகழ், பாட்டாளிக்கு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை முடித்துவிட்டு, பட்டரவாக்கத்தில் அரக்கோணம் வண்டிக்கு ஓடுகிற தோழர்களைக் கேட்கிறோம். 2021-ல் உங்கள் பெட்டியில் ஓயாமல் ஒலித்த பாட்டு எது? ‘என்ஜாய் எஞ்சாமி’ என்று ஒரே குரலில் சொல்வீர்கள். அதை எழுதியவர் யார்? சிலர் சொல்வீர்கள், பலர் யோசிப்பீர்கள். அவர் நீங்கள் ஏறுகிற அதே வண்டி போய் நிற்கிற அரக்கோணத்துப் பிள்ளை என்று தெரிந்தவர்கள் கையுயர்த்துங்கள் என்றால், எத்தனை கைகள் உயரும்?

அவர் பெயர் அறிவு. தெருக்குறள் அறிவு என்றும் சொல்வார்கள். 2021 மார்ச் 7-ல் வெளிவந்த அந்தப் பாட்டைச் சந்தோஷ் நாராயணன் மின்னிசையில் அமைத்தார். பாடகி தீயும் அறிவும் பாடினார்கள். சினிமாப் பாட்டல்ல, கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை. ஆனாலும் கடல் கடந்து போயிற்று, கோடிக்கணக்கானவர் கேட்டார்கள். தமிழ் தெரியாதவன்கூடத் தாளம் போட்டான்.

தாளம் போடட்டும், தவறில்லை. ஆனால் எதற்குத் தாளம் போட்டான் என்று சொல்ல வேண்டியது நம் கடமை. அது ஒரு பாட்டியின் கதை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த கூட்டத்தில் ஒருவர். காட்டை அழித்து மலையைத் திருத்தித் தோட்டமாக்கியவர்கள் அந்த மக்கள். 1948-ல் அவர்களது குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்! ஆட்டு மந்தையைப் பங்கு பிரிப்பவன்கூட ஆட்டின் முகத்தைப் பார்ப்பான். இங்கே முகமும் பார்க்கவில்லை, சம்மதமும் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் ஒரு பிடிகூடச் சொந்தமில்லாமல், மூட்டை முடிச்சோடு கப்பலேறினார்கள். இழவு வீட்டு ஒப்பாரியையும் வயல்காட்டுச் சொல்லையும் எடுத்து, பேரன் அந்தக் கதையை ஆடத்தக்க பாட்டாக்கினார். ஆடிய கால்களுக்கெல்லாம் அழுகை புரிந்ததா என்பது வேறு கேள்வி.

பாட்டுக்குப் புகழ் வந்தது. புகழ் வந்த இடத்தில்தான் வம்பும் வந்தது.

அதே 2021 ஆகஸ்டில், ‘ரோலிங் ஸ்டோன்’ என்னும் இசை ஏட்டின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் தீயின் படத்தையும், ஈழத்தில் பிறந்து கனடாவில் பாடிவரும் ஷான் வின்சென்ட் டி பாலின் படத்தையும் போட்டது. அவர்கள் பெருமைக்குச் சான்றாகச் சொல்லப்பட்டவை இரண்டு பாட்டுகள்: ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’. இரண்டிலும் அறிவின் எழுத்து உண்டு. அட்டையில் அறிவு இல்லை! இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார்; ஊர் கேட்டது. பிறகு அந்த ஏடு அறிவின் படத்தோடு இணையத்தில் தனியாக ஓர் அட்டை வெளியிட்டது. பந்தி முடிந்து பாயைச் சுருட்டிய பிறகு, திண்ணையில் தனி இலை போட்டதைப்போல!

மறு ஆண்டு, 2022 ஜூலை 28. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலக நாடுகளின் வீரர்கள் முன்னால் அந்தப் பாட்டு முழங்கியது. தீ பாடினார்; நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அந்த அம்மையார் மேடையேறியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் எழுதியவர் மேடையில் இல்லை. அரசு விழா என்பதற்காக நாம் வாய் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை. இல்லை என்றால் இல்லைதான்.

அறிவு மனம் வெதும்பி எழுதினார்: மெட்டும் சொல்லும் தன்னுடையவை என்றார். இசையமைப்பாளரும் பாடகியும் விளக்கம் தந்தார்கள்: அறிவின் பங்கை நாங்கள் மறைக்கவில்லை, உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்றார்கள். மெட்டு யாருடையது என்று தீர்ப்புக் கூற நாம் பஞ்சாயத்துக்கு உட்காரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார்: இந்தப் பாட்டால் எங்கள் மூவருக்கும் இதுவரை ஒரு காசும் வரவில்லை என்று! சம பங்கு என்றார்கள். சுழியத்தை மூன்றாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு? கணக்கு வாத்தியாரைக் கேட்க வேண்டியதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டெழுதியவனும் மெட்டமைத்தவனும், பாட்டு ஒலிக்குந்தோறும் வரும் உரிமைத் தொகையில் சம பங்குக்கு உரியவர்கள். கம்பெனிக்காரன் நீட்டுகிற தாளில் அந்தப் பங்கை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்கிறது அது. நல்ல சட்டம். குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் நல்ல சட்டம்தான். அது எந்தப் பட்டறையில் எத்தனை நாள் நடக்கிறது என்று ஆவடி, பூந்தமல்லி ஒப்பந்தத் தொழிலாளிக்கு நாம் பாடம் எடுக்க வேண்டுமா?

சேரிப் பாட்டுக்கும் சாவுமேளத்துக்கும் மதிப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. காலம் மாறியிருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடையேறிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் பறையையும் மேல்நாட்டுக் கிட்டாரோடு கூட்டி, சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் எண்ணத்தைத் தன் பெயரிலேயே ஏந்தியது. அறிவு அந்தக் குழுவில் வளர்ந்தவர். அதே குழுவின் கானாப் பாடகி இசைவாணியை, 2020-ல் பி.பி.சி. உலகின் நூறு பெண்மணிகளுள் ஒருவராகக் குறித்தது. 2025-ல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. பறையைத் தொட்டால் தீட்டு என்ற நாட்டில் இவை சிறிய செய்திகளா?

எனினும் விருது கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தென்னமெரிக்கப் பக்கம் பாருங்கள். ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிப் பாட்டுகளுக்கென்று லத்தீன் கிராமி என்ற விருதை 2000-லிருந்து கொடுக்கிறார்கள். 2011-ல், புவேர்ட்டோ ரிக்கோ தீவின் ‘காயே த்ரேசே’ – பதின்மூன்றாம் தெரு என்று பொருள். தெருப் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட குழு – ஒரே இரவில் ஒன்பது விருதுகளை அள்ளிற்று. அவற்றுள் தலையானது, அந்தக் கண்டத்து உழைக்கும் மக்களைப் பற்றிய ‘லத்தினோஅமெரிக்கா’ என்ற பாட்டுக்கு. அதில் கூடப்பாடிய மூன்று பெண்கள்: கொலம்பியாவின் தோத்தோ லா மொம்போசினா, பெருவின் சுசானா பாக்கா, பிரேசிலின் மரியா ரீத்தா. ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்ற அந்த விருதிலே குழுவின் பெயரோடு மூன்று பேரின் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. கறுப்பினப் பாடகியான பாக்கா அப்போது பெருவின் பண்பாட்டு அமைச்சர் என்பது கேட்க இனிக்கும் செய்தி. அமைச்சர் என்பதால் பெயர் போட்டார்கள் என்று யாரேனும் குறும்பு செய்தால், மற்ற இருவரும் அமைச்சர்கள் அல்லர் என்று சொல்லுங்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நம்மவர் யாரும் கேட்கமாட்டார்கள். 1965-ல் ஆவடியில் உருண்டு வெளிவந்த விஜயந்தா டாங்கியின் பெயரை நாடறியும். அதன் தகட்டைப் பற்றவைத்தவன் பெயரை அவன் தெரு அறியும், அவ்வளவே. இயந்திரத்துக்கு அது பொருந்தலாம். பாட்டில் குரல் இருக்கிறது, பாட்டி இருக்கிறாள். பெயரை உரித்துவிட்டால் மிஞ்சுவது ஆட்டம் மட்டுமே.

இவ்வளவு பேசிய நாம், நம் வீட்டையும் பார்க்க வேண்டும். அம்பத்தூர்ப் பக்கம் ஒட்டப்பட்ட ஒரு கூட்ட நோட்டீசு நம் கண்ணில் பட்டது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று பெயர்கள். வட்டம், கிளை என்று பெயர்கள். பந்தல் போட்டவர் பெயரும் ஒலிபெருக்கிக்காரர் பெயரும்கூட உண்டு. அடியில் ஒரு வரி: “பறையிசை நடைபெறும்.” யார் அடிப்பார்? காற்றா அடிக்கும்? நான்கு மணியிலிருந்து வெயிலில் நின்று தோலைக் காய்ச்சி அடித்தால்தானே ஆறு மணிக்குக் கூட்டம் சேருகிறது! அந்த நோட்டீசை அச்சடித்தவர்கள் வேற்றார் அல்லர், நம் தோழர்களே. ‘ரோலிங் ஸ்டோன்’ ஏட்டைக் கேட்ட கேள்வியை அவர்களிடமும் கேட்கத்தான் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அச்சகம் போகுமுன் பறைக்குழுவிடம் ஓர் ஆளை அனுப்புங்கள். ஆசான் பெயரையும் அடிப்பவர்கள் பெயரையும் கேட்டு எழுதி வரட்டும். இடம் போதவில்லை என்றால் வாழ்த்துரையில் இரண்டைக் குறையுங்கள். பேசிய தொகையைக் கூட்டம் கலைந்த பிறகு, “நாளை வந்து வாங்கிக்கொள்” என்று சொல்லாமல், முதல் அடி விழுமுன் கையில் கொடுங்கள்.