பூஞ்செடிகளுக்குக் கத்தியும் வேண்டும்

கோயம்புத்தூரிலும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டுப் பகுதிகளிலும், வாசற்புறத்திலோ பொடக்காளி என வழங்கும் புழக்கடையிலோ இரண்டொரு பூஞ்செடி இல்லாத வீடு அரிது. குண்டுமல்லிகை, முல்லை, ஜாதிமல்லிகை, செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எனப்படும் வெட்சி ஆகியவை நெடுங்காலமாக இவ்வீடுகளில் வளர்ந்து வருபவை. இவற்றை வளர்ப்போர் வழக்கமாய்ச் சொல்லும் குறை ஒன்றுண்டு. வைத்த இரண்டு மூன்று வருஷம் செடி நன்றாய்ப் பூத்தது. பிறகு தழை மட்டும் மண்டிப் பூக் குறைந்துவிட்டது என்பதே அது. இதற்குப் பரிகாரமாக அவர்கள் செய்வது, தினந்தோறும் இன்னும் ஒரு குடம் ஜலம் சேர்த்து ஊற்றுவதுதான். அச்செடி வேண்டி நிற்பது ஜலத்தையன்று, கத்தியை. பூக்கிற செடியில் கத்தி வைக்கலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதும் உண்டு. அன்பினால் சொல்லப்படுவதாயினும், செடிக்கு இதைவிடக் கெடுதலான யோசனை வேறில்லை.

குண்டுமல்லிகையும் முல்லையும் ஜாதிமல்லிகையும் புதிதாய்க் கிளைக்கும் இளங்கொம்புகளிலேயே மிகுதியாய் அரும்பெடுக்கும் இயல்புடையவை. பழைய கொம்பு எவ்வளவு தடித்திருந்தாலும் அதனால் பூ பெருகுவதில்லை. உணவை வாங்கிக்கொண்டு நிழலைத் தருவதே அதன் வேலை. அந்நிழலில் உட்கொம்புகள் காய்ந்து, காற்றும் வெயிலும் புகாமல், பூச்சிகளுக்கு நல்ல இருப்பிடமாகிறது. ஆகவே வருஷத்திற்கு ஒரு தடவை கவாத்து செய்தல் இன்றியமையாதது. குண்டுமல்லிகையை நவம்பர் மாதக் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்திற்குச் சற்று மேலாக விட்டு வெட்டுதல் வேண்டும். முல்லைக்கு ஜனவரி மாதக் கடைசி வாரமும், 45 சென்டிமீட்டர் உயரமும் ஏற்றவை. கவாத்துக்குச் சில தினங்கள் முன்பே ஜலத்தை நிறுத்திவிட வேண்டும். காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று பின்னியவை ஆகிய கொம்புகளை அடியோடு நீக்கிய பிறகே உயரத்தைக் குறைப்பது முறை. மொட்டையாய் நிற்கும் செடியைக் கண்டு வீட்டார் கலங்குவது இயல்பு. சில வாரங்களில் அது தளிர்த்து, கோடையில் அரும்பு கட்டத் தொடங்கும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். தை மாதத்தில் மல்லிகை மிகவும் அருமையானது. சத்தியமங்கலம் பூச்சந்தையில் பண்டிகையை ஒட்டி அதன் விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கான ரூபாயாக உயர்வதை எல்லோரும் அறிவர். அத்தகைய சமயத்தில் வீட்டுச் செடியில் கிடைக்கும் ஒரு பிடிப் பூவையும் கார்த்திகையில் வெட்டி எறிவதா என்று இல்லத்தரசிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பனிக்காலத்தில் வெட்டாத செடியும் அந்த ஒரு பிடிக்கு மேல் தருவதில்லை. அதற்காக விட்டுவைப்பவர்கள் பங்குனி முதல் ஆவணி வரையில் கிடைக்க வேண்டிய மிகுதியான பூவைக் குறைத்துக்கொள்கிறார்கள். பொங்கலுக்குப் பூ வேண்டுமாயின் கடையில் வாங்குவதே லாபம்.

கவாத்து முடிந்தவுடன் செடி ஒன்றுக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இடலாம். ரசாயன உரமும் இடுவோருக்கு, வருஷம் ஒன்றுக்கு ஒரு செடிக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் என்பது சிபார்சு. இதை இரண்டாகப் பகுத்து, கவாத்துக்குப் பின் ஒரு பாதியும் ஆனி, ஆடியில் மறு பாதியும் இடவேண்டும். தழைச்சத்து மற்றவற்றில் பாதியளவே இருப்பதைக் கவனித்தல் நலம். யூரியாவை மட்டும் கைநிறைய அள்ளிப் போடும் வீடுகளில் செடி இலையாய் நிற்பதில் வியப்பில்லை.

ஜலத்தின் விஷயம் இன்னும் கவலைக்குரியது. கோயம்புத்தூரில் வருஷ மழை சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டரே. நகரத்தார் குடிக்கும் சிறுவாணி ஜலம் மலையிலிருந்து வெகு தொலைவு வந்து சேர்வது. கோடையில் அதற்காகக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. அதைத் தினமும் செடிப் பாத்தியில் தேக்குவது எவ்விதத்திலும் பொருந்தாது. வயலில் மல்லிகை பயிரிடுவோரே பெரும்பாலும் வாரத்திற்கு ஒரு தடவைதான் பாய்ச்சுகிறார்கள். கரிசல் மண்ணில் ஜலம் தேங்கினால் வேர் அழுகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக்காற்றில் மேல்மண் விரைவில் உலர்வது மெய்யே; அதற்குச் சருகையோ பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாய்க் கிடைக்கும் தென்னை நார்க்கழிவையோ செடியடியில் பரப்பினால் போதும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய்த் தோன்றினால், அது ஜலக்குறைவன்று, இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் ஜலத்திற்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, இலை பசுமையடையும் வரையில் மாதம் ஒரு தடவை தெளிக்க வேண்டும்.

வீட்டுச் செடியை எப்படி வைத்துக்கொண்டால் பிறருக்கென்ன என்று நினைப்பவர்களும் உளர். அந்நினைப்பு எவ்வளவு தவறானது என்பதைப் பப்பாளி மாவுப்பூச்சி காட்டிவிட்டது. மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய தேசங்களுக்குரிய அப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008 ஆம் வருஷம் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் பட்டுப்பூச்சிக்குரிய மல்பெரியிலும், மரவள்ளியிலும், பருத்தியிலும் பரவிக் குடியானவர்களுக்குப் பெருநஷ்டம் விளைத்தது. செம்பருத்தியும் அதற்கு உகந்த இருப்பிடம். வெள்ளை மாவு அப்பிய செம்பருத்தி வேலியொன்று தெருவோரத்தில் கவனிப்பாரற்று நின்றால், காற்றும் எறும்பும் குஞ்சுகளை அடுத்த தோட்டத்திற்குக் கொண்டு சேர்க்கும். உடலை மூடிய மெழுகுமாவினால் மருந்து எளிதில் உள்ளே சேரவில்லை. 2010 ஆம் வருஷம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலிய ஸ்தாபனங்களின் மூலம் ஊர்தோறும் விடப்பட்ட பிறகே அது அடங்கிற்று. செம்பருத்தியில் மாவுப்பூச்சியைக் கண்டவுடன் கடுவிஷ மருந்தைத் தெளிப்போர், அந்தக் குளவியையும் சேர்த்தே கொல்கிறார்கள். தாக்குண்ட நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, மிஞ்சியதைச் சோப்புக் கரைசலால் கழுவி, எறும்புப் புற்றைக் கலைப்பதே முதலில் செய்யத்தக்கது. எறும்பு இருக்கும் வரையில் மாவுப்பூச்சிக்குக் காவல் உண்டு.

முல்லையில் இலையின் மேல் வெல்வெட்டுப் போன்ற வெண்ரோமம் படர்ந்தால் அது சிலந்திப்பேனின் வேலை. அக்கொம்புகளைக் களைந்து, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம். புதிதாய் வைப்போர் இப்பேனைத் தாங்கும் பரிமுல்லை வகையைத் தேடி வாங்குவது உசிதம்.

அரளியை வெட்டுவோருக்குத் தனி எச்சரிக்கை அவசியம். இலை, தண்டு, பூ முழுவதும் விஷம். வாடிய பின்னும் விஷம் போவதில்லை. வெட்டிய கொம்புகளை ஆடுமாடுகள் வாய்வைக்கும் இடத்தில் வீசுவதும், குளிர்காய எரிப்பதும் கூடாது. குழியிலிட்டு மூடுதல் வேண்டும். குழந்தைகள் விளையாடும் முற்றத்திலும், பட்டியை ஒட்டிய வேலியிலும் அரளி வைக்காதிருப்பதே மேல்.

மல்லிகை, முல்லைக் கவாத்தில் கழியும் கொம்புகளோ குப்பைக்குரியவை அல்ல. நோயற்றவையும் நடுத்தர முதிர்ச்சியுடையவையுமான துண்டுகளை மூன்று நான்கு கணு இருக்கும்படி நறுக்கி, நிழலில் ஈரமணலில் ஊன்றி வைத்தால் அவற்றுள் பல வேர் விடும். அடுத்த ஆடி மழைக்கு அவற்றைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கலாம்.