சாட்சிக் கூண்டில் ஒரு புனித நூல்

பரிணாமம் குறித்துக் கிறிஸ்தவர்களுக்குள் நடக்கும் விவாதத்தை விஞ்ஞானத்துக்கும் மதத்துக்கும் இடையிலான சண்டை என்றே நாம் பொதுவாக அறிந்து வைத்திருக்கிறோம். சற்று அருகே சென்று பார்த்தால், ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்ற பழைய சண்டையின் தொடர்ச்சியாகவே அது தெரிகிறது. ஆகவே இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் அதில் அக்கறை கொள்ளக் காரணம் இருக்கிறது.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டோவர் என்ற சிற்றூரின் பள்ளி நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்தது. டார்வினின் கோட்பாட்டில் இடைவெளிகள் உண்டு, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற மாற்று விளக்கமும் இருக்கிறது என்று உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும் என்பதே அது. பதினொரு பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். வடிவமைப்புத் தரப்பில் சாட்சி சொன்ன மைக்கேல் பீஹியும் கத்தோலிக்கர். எதிர்த்தரப்பில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன கென்னத் மில்லரும் கத்தோலிக்கர். வடிவமைப்பாளர்கள் தங்கள் வாதத்தில் ஆதியாகமத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. படைப்புவாதத்தைக் கற்பிக்கக் கட்டாயப்படுத்திய லூசியானா மாநிலச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்திருந்தது. அதன் பிறகு பெயர்கள் மாறின. டோவர் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நூலின் பழைய வரைவுகள் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ‘படைப்புவாதிகள்’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘வடிவமைப்பின் ஆதரவாளர்கள்’ என்ற தொடர் அவ்விடத்தில் வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஓரிடத்தில் பழைய சொல் முழுதாக அழியாமல் புதிய தொடரோடு ஒட்டிக்கொண்டு பொருளற்ற ஒரு கலவையாக நின்றது. 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் பள்ளிக்குழுவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்.

சட்டம் எப்படியும் போகட்டும். இதில் நம்மை உறுத்துவது வேறு. வடிவமைப்புக் கோட்பாட்டின் முன்னணிச் சிந்தனையாளரான வில்லியம் டெம்ப்ஸ்கி 1999இல் எழுதியபோது, அக்கோட்பாடு யோவான் நற்செய்தியின் ‘வார்த்தை’ பற்றிய இறையியலைத் தகவல் கோட்பாட்டின் மொழியில் திரும்பச் சொல்வதே என்றார். தம்மவர்களிடம் அப்படி, பொதுமன்றத்தில் வேறுவிதம். தான் நம்பும் நூலை மறைத்து வைத்துக்கொண்டு அதற்காக வாதாடுவது அந்த நூலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர்கள் நூலை மறைப்பதில்லை; சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். 1925 ஜூலையில் டென்னஸி மாநிலத்து டேடன் நகரில் அதுதான் நடந்தது. பரிணாமம் கற்பித்த ஆசிரியருக்கு எதிரான வழக்கில், அரசுத் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவரான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ குறுக்கு விசாரணை செய்தார். படைப்பின் நாட்கள் இருபத்து நான்கு மணிநேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையன் ஒப்புக்கொண்டார். பைபிளின் மாபெரும் காவலராகக் கருதப்பட்டவருக்கே அந்த இடம் இருந்தது. 1961இல் விட்கோம்பும் மாரிஸும் எழுதிய ‘ஆதியாகம வெள்ளம்’ வெளிவந்த பின்னரே, இளம் பூமியும் ஆறு சாதாரண நாட்களும் பல சபைகளில் விசுவாசத்தின் அளவுகோல் ஆயின.

மரபு இவர்கள் நினைப்பதைவிட விசாலமானது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு உரை எழுதிய அகஸ்டின், அந்த நாட்களை நம்முடைய நாட்களாகக் கொள்ளவில்லை. வானத்தையும் விண்மீன்களையும் பற்றி வேதத்தின் பெயரால் ஒரு கிறிஸ்தவன் அறியாமையைப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை யார் நம்புவார்கள் என்பது அவருடைய கவலை. வேதத்தில் பிழையே இல்லை என்று 1881இல் வாதிட்ட பிரின்ஸ்டன் இறையியலாளர் வார்ஃபீல்டும், பரிணாமத்தை வேதத்துக்குக் கட்டாய எதிரியாக எண்ணவில்லை.

பிரதியிடமே போவோம். ஆதியாகமத்தின் முதல் மூன்று நாட்களில் இடங்கள் பிரிக்கப்படுகின்றன. அடுத்த மூன்று நாட்களில் அவை அதே வரிசையில் நிரப்பப்படுகின்றன. முதல் நாள் ஒளி, நான்காம் நாள் சூரியனும் சந்திரனும். இரண்டாம் நாள் நீரும் ஆகாயமும், ஐந்தாம் நாள் மீனும் பறவையும். மூன்றாம் நாள் நிலம், ஆறாம் நாள் விலங்கும் மனிதனும். இது ஒரு கவிஞனின் ஒழுங்கு. அடுத்த அதிகாரத்திலோ மனிதனுக்குப் பிறகே விலங்குகள் உருவாக்கப்படுகின்றன. இரண்டையும் அருகருகே வைத்தவர்களுக்குக் கால வரிசை முதற்கவலையாக இருந்திருக்காது என்றே நமக்குத் தோன்றுகிறது.

யோபுவின் நூல் இன்னும் வியப்பானது. அங்கே கடவுள் தம் படைப்பை யோபுவுக்குக் காட்டும்போது, இரை தேடும் சிங்கத்தையும், இரத்தம் குடிக்கும் கழுகுக் குஞ்சுகளையும், முட்டைகளை மண்ணில் விட்டுவிட்டு மறந்துபோகும் அறிவற்ற நெருப்புக்கோழியையும் காட்டுகிறார். 1802இல் வில்லியம் பேலி உவமை காட்டிய நேர்த்தியான கடிகாரம் இதில் எங்கும் தென்படுவதில்லை.

இப்படி வாசித்துவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. உண்மையான முடிச்சு நாட்களின் நீளத்தில் இல்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே பவுல் ஆதாமால் வந்த மரணத்தையும் கிறிஸ்துவால் வந்த மீட்பையும் இணையாக வைத்து வாதிடுகிறார். புதைபடிவங்களோ மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே மரணம் இருந்ததைச் சொல்கின்றன. 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மனித உடலின் பரிணாமத்தை ஆராய அனுமதித்தபோதும், ஆதாம் ஒரு தனிமனிதன் என்பதை விட்டுக்கொடுக்காதது இதனால்தான். விசுவாசிகள் நேர்மையோடு போராட வேண்டிய இடம் இது.

அந்தப் போராட்டத்துக்கு நூல் திறந்திருக்க வேண்டும். மேசைக்கு அடியில் ஒளித்து வைத்தாலும் சரி, புவியியல் பாடநூலாக மாற்றினாலும் சரி, அதை யாரும் வாசிக்கப்போவதில்லை.