தேகப் பயிற்சியும் தேயிலை மலையும்

தேகப் பயிற்சியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் சோம்பலைக் கண்டித்தே தொடங்குகின்றனர். தைப் பிறப்பன்று உறுதி பூண்ட ஒருவன் மாசி பிறக்குமுன் அதனைக் கைவிட்டுவிட்டால், மனத்திண்மை இல்லாதவன் என்று அவனுக்குப் பட்டஞ் சூட்டிவிடுகின்றனர். இக்கண்டனம் நியாயமானதன்று என்பது என் கருத்து. சுவரைப் பார்த்து நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கையையும் காலையும் நீட்டி மடக்கும் எவனும் பத்து நாளிற் சலிப்படைவது இயல்பே. பாட்டையும் துணையையும் விளையாட்டையும் பறிகொடுத்து, வெறும் எண்ணிக்கையாய்ச் சுருங்கிப்போன பயிற்சியிடத்திலேதான் குற்றம் இருக்கின்றது.

நம் முன்னோர் இவற்றைப் பிரித்தறியார். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையை எடுத்துப் பாருங்கள். பந்தடிப்பதற்குக் கந்துக வரி. ஊஞ்சலாடுவதற்கு ஊசல் வரி. உலக்கை பிடிப்பதற்கு வள்ளைப் பாட்டு. உடல் அசையும் தொழிலுக்கும் ஆட்டத்துக்கும் தனித்தனியே பாட்டு வகுத்திருக்கின்றார் இளங்கோவடிகள். மலைவாழ் மக்களின் ஆடலுக்கோ குன்றக் குரவை என ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கின்றார். கைகோத்து ஆடும் குரவையிலே ஒருத்தி தளர்ந்தால் பக்கத்தில் நிற்பவளின் கை அவளை இழுத்துச் செல்லும். சலிப்பை வெல்ல இதனினும் எளிய வழியொன்றை இன்றைய நூல்களிலும் நான் கண்டிலேன்.

நானுஓயாவில் இருந்துகொண்டு இவ்வாறு எழுதினால் ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். "விடிந்தது முதல் மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் சனத்துக்குத் தேகப் பயிற்சி வேறு வேண்டுமோ?" என்று கேட்பர். நகைப்புக்காகக் கேட்கப்படும் கேள்வியே எனினும், இது ஆராயத்தக்கது.

1953 ஆம் ஆண்டில் ஜெரமி மொறிஸ் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் லண்டன் பஸ் ஊழியரைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்து வண்டி ஓட்டும் சாரதிகளைக் காட்டிலும், இரட்டைத் தட்டு பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநரிடையே மாரடைப்புக் குறைவாகக் காணப்பட்டது. அப்படியாயின், படியேறிய நடத்துநருக்குக் கிட்டிய நன்மை மலையேறும் தொழிலாளிக்கும் கிட்ட வேண்டுமன்றோ?

ஆனால் டென்மார்க்கைச் சேர்ந்த ஹோல்டர்மன் முதலிய ஆய்வாளர் அண்மைக் காலத்தில் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக் காட்டியுள்ளனர். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலசைவு உடலுக்கு நலந் தருகின்றது. பாரமான கூலித் தொழிலின் உடலசைவோ அந்த நலத்தைத் தருவதில்லை. சில வேளை தீங்காகவும் முடிகின்றது. நெடுநேரம் தொடரும் உழைப்பு, பாரந் தூக்கல், போதிய ஓய்வின்மை, வேகத்தைத் தானே தீர்மானிக்க இயலாமை ஆகியவற்றை இதற்குக் காரணங்களாக அவர்கள் முன்வைக்கின்றனர். அறிஞரிடையே இதுபற்றி இன்னும் விவாதம் உண்டு. ஆயினும் மலைநாட்டில் வாழ்பவனுக்கு இது வியப்பூட்டும் செய்தியன்று. பெரட்டுக் களத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும் நடக்கும் கால்கள் எப்போது விரைய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை அக்கால்களுக்கு உரியவள் முடிவு செய்வதில்லை.

புகைவண்டி நானுஓயாவை வந்தடைந்தது 1885 ஆம் ஆண்டில். நான்கு ஆண்டுகள் கழித்து, 1889 இல், நுவரெலியாவிலே கோல்ஃப் கழகம் தோன்றிற்று. ஒரே மலையில் ஒரு சாரார்க்கு நடை விளையாட்டாயிற்று. மற்றொரு சாரார்க்கு நடை கூலியாயிற்று. கூலிக்காக நடந்தவரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இன்று ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் மாணவராகவும் நாற்காலியில் அமர்ந்துவிட்டோம். நடையென்றாலே பாட்டியின் நெற்றிக் கயிறு நம் நினைவுக்கு வருகின்றது. அதினின்று தப்பியதே முன்னேற்றம் என்று எண்ணுகின்றோம். சுமையை இறக்கி வைத்ததில் தவறில்லை. சுமையோடு சேர்த்து நடையையும் இறக்கி வைத்தோமே, அதுவே இழப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவில் ஈடுபட வேண்டும். இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்ட வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் என்று கொண்டால் இது பெரிய காரியமன்று. அந்த அரைமணியைச் சலிப்பின்றிக் கழிப்பது எப்படி என்பதே வினா.

முதலாவது, பாதையை மாற்றலாம். ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள நம் ஊரில் சமதரைப் பாதை அரிது. ஆகவே ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு குணம் உண்டு. 1937 இல் சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் கொஸ்தா ஹோல்மர் 'வேக விளையாட்டு' என்ற பொருளுடைய ஃபார்ட்லெக் முறையை வகுத்தார். இந்த மின்கம்பத்திலிருந்து அந்த வளைவு வரை விரைவு; பின் மூச்சு அடங்கும் வரை மெல்லிய நடை; மறுபடி மனம் விரும்பியபோது ஓட்டம். இதற்குக் கருவியும் வேண்டா, கட்டணமும் வேண்டா. குளிர் மிகுந்த காலையில் உடல் சூடேறும்வரை மெல்ல நடக்க வேண்டும். புகைவண்டித் தண்டவாளத்தை நடைபாதையாக்கலாகாது. இவ்விரண்டும் நினைவிருந்தாற் போதும். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றது. பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளே அதில் இணைக்கப்பட்டுள்ளன. வெளிநாட்டார் விமானமேறி வந்து அதில் நடக்கின்றனர். நம்மவருள் ஞாயிற்றுக்கிழமை அதில் கைவீசி நடப்போர் எத்தனை பேர்?

இரண்டாவது, இலக்கியத்தைத் துணைக்கு அழைக்கலாம். 2014 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் மில்க்மனும் சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர். விறுவிறுப்பான கதைகளின் ஒலிநூல்களைப் பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்று வரையறுக்கப்பட்டவர், தொடக்கத்தில் மற்றவரைவிட 51 வீதம் அதிகமாக அங்கு வந்தனர். நாள் செல்லச் செல்ல அந்த ஊக்கம் குறைந்து, விடுமுறையோடு பெரிதும் மங்கிற்று. கதை நம்மை வாசல் வரை அழைத்து வரும். தொடர்ந்து வரச் செய்வதற்கு நம்மை எதிர்பார்த்து நிற்கும் ஒரு தோழர் வேண்டும். எனவே நம் இலக்கிய வட்டங்கள் மாதத்தில் ஒரு கூட்டத்தையேனும் நடந்துகொண்டே நடத்தினால் என்ன? சிறுகதையை ஏற்றத்தின் அடியில் ஒருவர் சொல்லத் தொடங்கட்டும். உச்சியில் நின்று விவாதிப்போம். மூச்சு வாங்கும்போது நீண்ட சொற்பொழிவு குறையும் என்பது கூடுதல் நன்மை!

மூன்றாவது, ஆட்டத்தை மீட்கலாம். மாசியில் காமன் கூத்து ஆடும் இளைஞர், தப்பொலிக்கு இரவு முழுதும் அடி பெயர்க்கின்றனர். அவர்களுள் யாரும் நிமிடத்தைக் கணக்கிடுவதில்லை. புனிதமான ஒரு வழிபாட்டைத் தேகப் பயிற்சியென்று சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. அந்த அடவுகளையும் கும்மி, கோலாட்டங்களையும் ஆண்டு முழுதும் பழகலாம் என்பதே என் வேண்டுகோள். தாளம் இருக்கும்போது களைப்புக் குறைவாகத் தோன்றும் என்பதை இன்றைய ஆய்வுகளும் ஒப்புகின்றன. மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அவை ஏட்டிலே உறங்காமல் காலிலே எழுந்து ஆட வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் 60 நிமிட உடலசைவு வேண்டுமென்பது அதே நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும் முதலிற் பலியாவது விளையாட்டுப் பாடவேளையே. கிளித்தட்டும் சடுகுடுவும் கயிறடித்தலும் பாடத்துக்குப் பகையல்ல. மைதானம் இல்லாத பாடசாலையிலும் கயிறு சுழலும்.

இறுதியாக, கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பற்றி. கூடையையோ பையையோ முதுகிற் சுமந்து முன்குனிந்து உழைப்பவளுக்கு இன்னுமொரு மலையேற்றம் வேண்டா. முதுகு நிமிரவும், தோள் விரியவும், கழுத்து இளகவும், தோழியரோடு சிரிக்கவும் அவளுக்கு அரைமணி நேரம் வேண்டும். கைகளை உயர வீசி, குனிந்து நிமிர்ந்து, வட்டமிட்டு அடிக்கும் கும்மி இவை அனைத்தையும் தரும். ஆனால் அந்த அரைமணியை அவளுக்கு யார் தருவது? மலையிலிருந்து திரும்பியவளை அடுப்பும் குடமும் எதிர்கொள்கின்றன. வீட்டிலுள்ள ஆண்மக்கள் தண்ணீரையும் சமையலையும் பங்கிட்டுக்கொண்டாலன்றிப் பயிற்சியைப் பற்றிய நம் உபதேசமெல்லாம் அவளுக்கு இன்னொரு கட்டளையாகவே ஒலிக்கும்.

ஆதலால், தேகப் பயிற்சியில் புதிய ஊக்கம் தேடும் ஆடவர், புதிய காலணி வாங்குமுன் மாலையிலே ஒரு குடந் தண்ணீரைச் சுமந்து வரட்டும். தசைக்கு அதுவும் பயிற்சியே. லயத்து முற்றத்திலே கும்மியொலி கேட்கத் தொடங்குமாயின், அப்பயிற்சியின் பயன் இரட்டிப்பாயிற்று என்று கொள்ளலாம்.