முதல் பந்தியில் பெண் பிள்ளைகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் நல்லூரிலும் காங்கயம் சாலையை ஒட்டிய தெருக்களிலும் லைன் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஏறிவிடுகின்றன. அவற்றை ஏற்றுவோரில் பலர் இவ்வூரில் பிறந்தவர்கள் அல்லர். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்தவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோவில்வழிப் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு நின்று ஊர் போய் வருகிறவர்கள். இம்மருத்துவமனையின் காத்திருப்பு அறையிலும் இம்மாதம் கேட்கும் பேச்சு அதுவே. எத்தனை நாள் விடுப்பு, எந்தப் பேருந்து, மாத்திரையை எத்தனை நாளைக்கு வாங்கிக்கொள்வது என்பவையே அதில் அடிபடும்.

அண்மைக்காலமாக இந்தப் பேச்சில் வேறொன்றும் கலந்திருக்கிறது. “எங்கள் பெரியவள் ஊருக்கு வரமாட்டேன் என்கிறாள்” என்று தாய்மார் சொல்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்; சிலர் மனம் நொந்து சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதுவரை பாட்டி வீடு என்றால் துள்ளிக் குதித்த பெண், பதினான்கில் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்? கைப்பேசியின் மீது பழியைப் போட்டுவிட்டு அவ்வளவோடு விட்டுவிடுகிறோம்.

நான் மருத்துவரும் அல்லேன், செவிலியரும் அல்லேன். மாமியாரின் சர்க்கரை நோய்க்காக மாதந்தோறும் இங்கு வரும் குடும்பத்தின் மருமகள். பதின்மூன்றும் பதினாறும் ஆன இரு பெண்களின் தாய். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே மாற வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர், பெரியவர்களாகிய நாம்.

ஏன் போக வேண்டும் என்பதற்குத் திருப்பூர் வாழ்க்கையே காரணம். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போகும் தாயும் தந்தையும் ஒன்றரை ஷிப்டு முடித்து வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. பிள்ளை மாலை நான்கரைக்கே பள்ளியிலிருந்து வந்துவிடுகிறாள். இடைப்பட்ட நான்கு மணி நேரம் அவளுக்கென்று யாரும் இல்லை. கிராமத்தில் அந்த நேரத்திற்கு ஓர் ஆச்சி இருந்தாள். அடுத்த வீட்டில் ஒரு சித்தி இருந்தாள். தாயிடம் கேட்க நாணுவதை அத்தையிடம் கேட்கலாம், தந்தைக்கு அஞ்சுவதைப் பெரியம்மாவிடம் சொல்லலாம் என்ற வசதியை இடம்பெயர்ந்த குடும்பம் இழந்துவிட்டது. அதை ஆண்டுக்கு ஐந்து நாளாவது மீட்டுத்தருவது கிறிஸ்துமஸ்தான். நம் ஊருக்கு அந்தச் சொல்லே விந்தையானது. அயல்நாட்டுப் பிள்ளைகள் பண்டிகைக்கு உடுத்தும் ஆடைகளை நாம் மாதக்கணக்கில் முன்பே தைத்து அனுப்பிவிடுகிறோம். மெய்யான டிசம்பர் வரும்போது தையல் மேசையில் கோடைக்கால ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும். போனஸும் தீபாவளியோடு கரைந்திருக்கும். இத்தனைக்கும் நடுவே கிடைக்கும் ஐந்து நாள்களை எப்படிச் செலவிடுகிறோம் என்பது சிறிய கேள்வி அன்று.

ஊர் போய் இறங்கியவுடன் என்ன நடக்கிறது? வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆய்வு தொடங்கிவிடுகிறது. “என்னம்மா, இப்படிக் கருத்துப் போயிட்டே?” “ஹாஸ்டல் சாப்பாடா, இவ்வளவு மெலிஞ்சிருக்கே?” “நம்ம குடும்பத்துல யாருக்கும் இந்த உடம்பு கிடையாதே!” பேசுகிறவர் அன்போடுதான் பேசுகிறார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கேட்கிறவளுக்கு வயது பதினான்கு. தன் உடல் மாதத்துக்கு மாதம் மாறுவதை அவளே இன்னும் ஏற்றுக்கொண்டு முடிக்கவில்லை. பருமன் என்று கேலி செய்யப்பட்ட பெண் மறுநாள் காலைச் சிற்றுண்டியை வேண்டாம் என்கிறாள். திருப்பூர் திரும்பிய பின்னும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள் என்று ஒருநாள் தொலைபேசி வருகிறது.

இந்தக் கேலியைவிட ஆபத்தானது பாராட்டு. “கலர் வந்துட்டாளே!” என்று அத்தைமார் கன்னத்தைக் கிள்ளும்போது அந்த வெளுப்பு எதனால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுவரையான இந்தியப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. தமிழ்நாட்டிலும் அவ்வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்நிலையில்தான் உள்ளனர். இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் பன்னிரண்டு வயதைக் கடந்த பெண்ணுக்கு அது இரத்தசோகை எனக் கணக்கிடப்படும். கண்ணின் கீழிமையின் உட்புறமும் நாக்கும் நகங்களும் வெளுத்திருத்தல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், பாடத்தில் மனம் ஊன்றாமை, காரணமில்லா எரிச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். எரிச்சலைத் திமிர் என்கிறோம். அயர்ச்சியைச் சோம்பல் என்கிறோம். வெளுப்பை அழகு என்கிறோம். ஒரு நோயின் மூன்று அடையாளங்களுக்கும் குடும்பம் மூன்று வேறு பெயர்களைச் சூட்டி வைத்திருக்கிறது.

பண்டிகை வீட்டின் பந்தி முறையைக் கவனித்ததுண்டா? ஆலய ஆராதனை முடிந்து வந்தவுடன் ஆண்களும் சிறுவர்களும் முதல் பந்தியில் அமர்கிறார்கள். வயது வந்த பெண் பிள்ளைகள் பரிமாறுகிறார்கள். ஈரல் வறுவல் முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடும். இறைச்சி இரண்டாம் பந்தியில் குறைந்துவிடும். மாதந்தோறும் குருதி இழக்கின்ற, வளர்ச்சியின் உச்சத்தில் இருக்கின்ற, வீட்டிலேயே இரும்புச்சத்து மிகுதியாகத் தேவைப்படுகின்ற அந்தப் பெண்ணுக்குக் கடைசிப் பந்தியில் குழம்பும் உருளைக்கிழங்கும் எஞ்சுகின்றன. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. வழக்கம் தானாகச் செய்துவிடுகிறது. இவ்வாண்டு ஒரே ஒரு மாற்றத்தைச் செய்தால் போதும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: வளரும் பெண் பிள்ளைகள் முதல் பந்தியில் அமரட்டும். பரிமாற மாமாக்கள் இருக்கிறார்கள். வளர்ந்த பையன்கள் இருக்கிறார்கள். கேரம் பலகையை ஒரு மணி நேரம் மூடிவைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

உண்டு முடித்த கையோடு தேநீர் அருந்தும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தேயிலையில் உள்ள பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. ஆகவே தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுவது நல்லது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் இதற்கு நேர்மாறாக உதவுகின்றன. அரசு பள்ளிகளில் வாரந்தோறும் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை அரையாண்டு விடுமுறையிலும் விட்டுவிடக் கூடாது. அதையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டு முதியவர்களில் சர்க்கரை நோயாளிகள் இருந்தால் மஸ்கோத் அல்வாவையும் கேக்கையும் எந்த அளவில் நிறுத்துவது என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் நடப்பார்கள் என்பது என் வீட்டு அனுபவம்.

மாதவிலக்கைப் பற்றியும் பேச வேண்டும். இம்மடலில் பேசாவிட்டால் வேறெங்குப் பேசுவது? பண்டிகை நாளில் வந்துவிடுமோ என்றெண்ணி, மருந்துக்கடையில் தாமாகவே தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது ஹார்மோன் மருந்து. மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது. பூப்படைந்த முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் நாள் முன்பின்னாக வருவது இயல்பே. ஆனால் குருதிப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பஞ்சுத்துணி மாற்ற நேர்ந்தாலும், மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தாலும், பதினைந்து வயதாகியும் பூப்படையாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். “கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாயிடும்” என்று கூடத்தில் அமர்ந்து சொல்லும் உறவினர் எவருக்கும் மருத்துவப் பட்டம் கிடையாது.

கல்யாணம் என்றதும் நினைவுக்கு வருவது ஒன்று. உறவு கூடும் இடத்தில்தான் பெண் பிள்ளையின் எதிர்காலமும் விலை பேசப்படுகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் “சுமங்கலித் திட்டம்” என்ற பெயரில் தென்மாவட்டங்களின் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கிய கதை நமக்குத் தெரியும். முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் தொகை திருமணச் செலவுக்கு ஆகும் என்பதே அதில் காட்டப்பட்ட ஆசை. நெதர்லாந்தின் சோமோ என்ற ஆய்வு நிறுவனம் 2011இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் உலகமே அதைப் பேசிற்று. அந்தப் பெண்களை ஆலைக்கு அனுப்பிவைத்தவர்களில் தரகர்கள் உண்டு. ஆனால் அத்தரகரை வீட்டுக்குள் அழைத்து வந்தது பெரும்பாலும் ஓர் உறவினரின் வாய்ச்சொல்தான் என்றே நான் கருதுகிறேன். இன்று அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்ல ஆலைகளே கூசுகின்றன. எனினும் “பத்தாவது முடிஞ்சதும் செக்கிங்குல சேர்த்துவிட்டா என்ன?” என்ற கேள்வி பண்டிகைக் கூடத்தில் இன்றும் எழுகிறது. எழும்போது விடை சொல்வது பெற்றோரின் கடமை. அதை அந்தப் பெண்ணின் காதுபடச் சொல்ல வேண்டும். அரசு பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது என்பதையும் அந்த மாமாவுக்கு அன்போடு தெரிவிக்கலாம்.

இன்னொன்றை எழுதக் கை தயங்குகிறது, ஆயினும் எழுதுகிறேன். இருபது பேர் கூடும் வீட்டில் இரவில் யார் எங்கே உறங்குவது என்பதை இடவசதியைப் பார்த்து மட்டும் முடிவு செய்கிறோம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவை அறிமுகமானவர்களாலேயே நிகழ்கின்றன என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர் எல்லாரையும் ஐயுற வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. யார் அருகில் படுக்க விரும்புகிறாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். யாரையாவது கட்டியணைத்து முத்தமிட மறுத்தால் கைகூப்பி வணக்கம் சொல்ல விடுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன் என்று அவள் ஆண்டுதோறும் அடம்பிடித்தால், அதட்டுவதற்கு முன் தனியே அழைத்துக் காரணத்தைக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 என்பது அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். அறிந்தும் மறைப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி குற்றம் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவு அச்சமும் இருக்கையில் ஊருக்கே போகாமல் நல்லூரிலேயே ஒரு கேக் வாங்கி வெட்டிக்கொள்ளலாமே என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். கடந்த ஆண்டு அப்படித்தான் செய்தார்களாம். பெண் பகல் முழுதும் கைப்பேசியோடு கட்டிலில் கிடந்தாள். பெற்றோர் தொலைக்காட்சி பார்த்தார்கள். மறுநாள் மூவரும் களைத்திருந்தார்கள். தோழியின் யோசனையை நான் ஏற்கவில்லை. நம் பெண்களுக்கு அத்தை வேண்டும். கேள்வி கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் அத்தை அல்லள், அதிகாலையில் கொல்லைப்புறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, “நீ என்னடி படிக்கப் போற?” என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பேசாமல் இருக்கும் அத்தை. அவ்வாறு ஒருத்தி எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறாள். எவள் என்று உங்கள் பெண்ணுக்கு நன்கு தெரியும். அந்த அத்தையோடு அவளுக்குத் தனியே ஒரு மாலைப்பொழுது கிடைக்குமாறு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் உடன் போக வேண்டாம்.

நள்ளிரவு ஆராதனைக்கு எழுப்பப்பட்ட பிள்ளையை மறுநாள் விடியலில் மாவு பிசைய எழுப்பாதீர்கள். இவ்வயதினருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை.

பரிசுகளைப் பற்றியும் ஒரு சொல். திருப்பூரிலிருந்து போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் டீ-ஷர்ட்டுகளைக் கட்டாக வாங்கிப்போய்க் கூடத்தின் நடுவே அவிழ்த்து, “உனக்கு எல் பத்தாது, எக்ஸெல்தான்” என்று எல்லார் முன்னும் அளவெடுத்துப் பங்கிடுவது நம் வழக்கம். தைக்கிறவர்களான நமக்கு அந்த எழுத்துகள் வெறும் அளவுகள். பெரியப்பா மகளுக்கு அப்படியல்ல. புறப்படுவதற்கு முந்தைய வாரமே அவளிடம் தனியே கேட்டுக்கொண்டு, பெயர் எழுதிய பைகளில் போட்டு எடுத்துச் செல்லலாம். உறைகளில் பெயர் எழுதும் வேலையை இம்முறை என் இளையவள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.