வதந்தியும் நாட்டின் காவலும்

எல்லையையும் கடற்கரையையும் காப்பதே நாட்டின் காவல் என்று கருதிய காலம் ஒன்றுண்டு. செய்தி செல்லும் வழியும் காவலுக்குரியது என்பதை 1914 ஆகஸ்டு 5-ஆம் நாள் உலகம் கண்டது. யுத்தப் பிரகடனம் செய்த மறுநாளே பிரிட்டிஷார் ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளை அறுத்தனர். இன்றைய பகைவனுக்கு அந்தச் சிரமமும் இல்லை. கம்பியின் வழியே பொய்யை அனுப்பினால் போதும்.

2012-இல் நாமே இதனை அனுபவித்தோம். அவ்வாண்டு ஜூலையில் அஸ்ஸாமில் கலவரம் மூண்டது. மறுமாதமே, தென்னாட்டு நகரங்களில் வாழும் வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவர் என்னும் வதந்தி கைப்பேசிகளில் பரவிற்று. ஆயிரக்கணக்கானோர் பெங்களூரை விட்டுக் கிளம்பினர். குவஹாத்திக்குத் தனி வண்டிகள் விட நேர்ந்தது. விற்ற டிக்கட்டுகளுக்கு இரயில்வேயில் கணக்குண்டு. ஓடியவர் இழந்த கூலிக்கும் படிப்புக்கும் கணக்கு எங்கே? வேற்றிடத்துப் படங்களைத் திரித்துப் பாகிஸ்தானிலிருந்து பரப்பினர் என்று மத்திய சர்க்கார் குற்றஞ்சாட்டிற்று; அந்நாடு மறுத்தது.

ஒருமித்து ஐவருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பலாகாது என 15 நாள் தடை பிறந்தது; பல இணையப் பக்கங்களும் முடக்கப்பட்டன. அவசரத்துக்கு இது உதவலாம். ஆனால் பொய்யின் பாதையை அடைத்தால், அதே பாதையில் வரும் மெய்யும் நின்றுவிடும் அன்றோ? மக்களின் நம்பிக்கையால் நடைபெறும் குடியரசுக்கு இது நிரந்தர மருந்தாகாது.

ஸ்வீடன் 2018-இல் நெருக்கடிக் காலக் கைந்நூல் ஒன்றை வீடுதோறும் அனுப்பிற்று. உணவும் நீரும் சேமிப்பதோடு, கேட்ட செய்தியைச் சோதிக்கும் முறையும் அதில் இருந்தது. 2022-இல் உளவியல் பாதுகாப்புக்கெனத் தனித் துறையே அங்கு தோன்றிற்று.

நம் நாட்டிலும் நல்ல பாடம் உண்டு. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரவின. தமிழகக் காவல்துறை உடனே மறுத்தது. ஹிந்தியிலும் விளக்கம் தரப்பட்டது. பீகார் அதிகாரிகள் நேரில் வந்து தொழிலாளரைக் கண்டு பேசினர். அஞ்சியவன், தன் மொழியில், தன்னவர் வாயால் கேட்கும் சொல்லையே நம்புவான். எனவே, பல மொழிகளில் விரைந்து உண்மை கூறும் ஏற்பாட்டையும் சர்க்கார் பாதுகாப்புச் செலவிலேயே சேர்த்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

அயலூரில் பிழைக்கும் நமக்கு இது பிறர் கதை அன்று. நம் சங்கத்தார் இவ்வூர்க் காவல் நிலையத்தாரோடும் அண்டை மொழியினரோடும் இப்போதே பழகி வைத்தல் நலம். வதந்தி வந்த இரவில் நண்பரைத் தேடப் பொழுதிராது.