பணியிட உளவியலாளருக்குப் பதிவு கட்டாயமாக வேண்டும்

பெருநகர நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை அளிப்பதும், வேலைக்கு ஆள் எடுக்கும்போது உளவியல் சோதனை நடத்துவதும் வழக்கமாகிவிட்டன. ஆனால் இவற்றைச் செய்பவரின் தகுதி என்ன, அவர் தவறினால் யாரிடம் முறையிடுவது என்பதற்குத் தெளிவான விடை இல்லை.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. பதிவின்றித் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு. பணியிட உளவியலாளர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். மற்ற உளவியலாளர்களையும் நெறிப்படுத்தும் சட்டம் 2021இல் வந்தது; மாநிலந்தோறும் குழுமம் அமைத்துப் பதிவேடு தொடங்க வேண்டும் என்றது. மாநிலங்கள் காட்டிய மெத்தனத்தால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கெடு விதிக்க நேர்ந்தது. பிரிட்டனிலோ 2009 முதல், பதிவு பெறாத எவரும் பணியிட உளவியலாளர் என்று தம்மை அழைத்துக்கொள்வது குற்றம்.

இது வெறும் சான்றிதழ் விவகாரமன்று. ஆலோசகருக்குச் சம்பளம் தருவது நிறுவனம். அவரை நம்பி மனம் திறப்பவர் ஊழியர். தூக்கமின்மையையும் குடும்பச் சிக்கலையும் மேலாளர் மீதான அச்சத்தையும் அவர் சொல்லக்கூடும். அந்தப் பேச்சு மனிதவளத் துறையின் காதுக்கு எட்டினால் பதவி உயர்வு போகும். வேலையே கூடப் போகலாம். பதிவு பெற்றவர் ரகசியத்தை மீறினால் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். பதிவில்லாதவரோ மறுநாளே வேறொரு நிறுவனத்தில் அதே நாற்காலியில் அமரலாம்.

தகுதி பெற்றோர் போதிய அளவில் இல்லை என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அனுபவமுள்ளவர்களுக்குத் தேர்வும் கால அவகாசமும் அளித்து அந்தக் குறையைச் சரிசெய்யலாம். பற்றாக்குறையைக் காட்டிப் பொறுப்பின்மையை நியாயப்படுத்த முடியாது.

மாநிலக் குழுமங்கள் தாமதமின்றி இயங்க வேண்டும். பணியிட உளவியலுக்குத் தனிப் பிரிவும், பயிற்சி நெறியும், ஊழியர் நேரடியாகப் புகார் அளிக்கும் வழியும் தேவை. ஆலோசனைக் குறிப்புகள் நிர்வாகத்தின் கைக்குப் போவது தண்டனைக்குரியதாக வேண்டும். அதுவரை பதிவில்லாதவரை அமர்த்தும் நிறுவனம், ஊழியர் நலனில் தனக்கு அக்கறை உண்டு என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை இழக்கிறது. சட்டம் இயற்றி ஆண்டுகள் கடந்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவராத அரசுகளின் பிழை அதனினும் பெரிது.